தோற்றம் அறியப்படாத மனித எச்சங்கள்: அருங்காட்சியகங்களில் இனங்காணும் முறைகளும் அவற்றின் எல்லைகளும்

பொருளும் பரப்பும்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள அருங்காட்சியகங்கள், மருத்துவக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் காப்பறைகளில் மண்டையோடுகளாகவும் எலும்புக்கூடுகளாகவும் பதப்படுத்திய உடற்பகுதிகளாகவும் மனித எச்சங்கள் பெருந்தொகையில் இருக்கின்றன. வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் மட்டும் 30,000க்கும் மேற்பட்ட மனித எச்சங்கள் உள்ளன. பாரிஸ் நகரின் மானிட அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 18,000 மண்டையோடுகள் உள்ளன. இவற்றுள் இன்னார் என்று பெயர் சொல்லத்தக்கவை மிகச் சில. எஞ்சியவற்றுள் பலவற்றுக்கு எடுக்கப்பட்ட ஊர் தெரியும், சமூகம் தெரியாது. சிலவற்றுக்கு ஒரு கண்டத்தின் பெயர் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். சிலவற்றுக்கு அதுவும் இராது.

கடந்த நாற்பது ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் தொல்குடிகளும் அமெரிக்கப் பழங்குடிகளும் மாவோரி மக்களும் ஆப்பிரிக்க நாட்டினரும் தம் முன்னோரைத் திருப்பித் தருமாறு கேட்டு வருவதால், இந்த எச்சங்கள் யாருடையவை என்பது நீதியோடு பிணைந்த கேள்வியாகிவிட்டது. அதற்கு விடை காணக் கையாளப்படும் ஆவண, உடற்கூற்று, வேதியியல், மரபணு முறைகளையும், அவை தவறிய இடங்களையும், விடை கிடைக்காதபோது செய்யத்தக்கவற்றையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. எச்சங்களின் தோற்றம் அறியப்படாமற்போனதற்குச் சேகரித்தவர்களின் செயலே பெரும்பாலும் காரணமாதலால், அந்த அறியாமையை எச்சங்களைத் தொடர்ந்து வைத்திருப்பதற்கான உரிமையாக நிறுவனங்கள் கொள்ள முடியாது என்பதே இம்மதிப்பீட்டின் முடிவு.

தோற்றம் தொலைந்த விதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மனிதர்களை மண்டையோட்டின் அளவைக்கொண்டு இனங்களாகப் பிரிக்கலாம் என்ற கருத்து அறிவியலாக மதிக்கப்பட்டது. பிலடெல்பியாவின் சாமுவேல் ஜார்ஜ் மார்ட்டன் தாம் சேர்த்த மண்டையோடுகளைக்கொண்டு 1839இல் அமெரிக்க இனங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். பெர்லினில் ஃபெலிக்ஸ் ஃபோன் லூஷான் ஆயிரக்கணக்கான மண்டையோடுகளைத் திரட்டினார். இத்தகைய ஆய்வுக்கு வேண்டியது ஒரு வகையின் மாதிரியே ஆகையால், இறந்தவரின் பெயரும் குடும்பமும் எழுதத் தேவையற்றவையாகக் கருதப்பட்டன. போர்க்களம், தூக்குமேடை, சிறைமுகாம், மருத்துவமனை, இடுகாடு ஆகிய இடங்களிலிருந்து படைஅதிகாரிகளும் மருத்துவர்களும் எலும்புகளை அனுப்பினர். அவற்றுட் பல களவாக எடுக்கப்பட்டவை. களவாக எடுத்தவர் எடுத்த விதத்தை முழுமையாக எழுதி வைப்பது அரிது.

காப்பறைக்கு வந்த பின்னும் இழப்பு தொடர்ந்தது. நிறுவனங்கள் ஒன்றோடொன்று எச்சங்களை மாற்றிக்கொண்டன, விற்றன, புதிய எண்களை இட்டன, சீட்டுகள் உதிர்ந்தன, ஒருவருடைய மண்டையோடும் மற்றொருவருடைய தாடையும் ஒரே பெட்டியில் சேர்ந்தன. லூஷானின் சொந்தச் சேகரிப்பு அவர் 1924இல் இறந்தபின் நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டதால், ஒரே இடத்தில் எடுக்கப்பட்ட எச்சங்களின் தடயங்கள் அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் சிதறிக் கிடக்கின்றன.

இந்தியாவுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. மருத்துவ மாணவர்களுக்கான எலும்புக்கூடுகள் பல பத்தாண்டுகளாகக் கல்கத்தாவிலிருந்தே உலகெங்கும் ஏற்றுமதியாயின. 1985இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இவ்வாணிகம் நடந்தது. மேலைநாட்டுக் கல்லூரிகளில் இன்றும் தொங்கும் எலும்புக்கூடுகளில் பல, பெயரோ ஒப்புதலோ இன்றிச் சென்ற இந்திய ஏழைகளுடையவை. துளையிட்டுக் கம்பியால் கோத்த மூட்டு, அறுத்துக் கொக்கி பொருத்திய மண்டை, வாணிக நிறுவனத்தின் முத்திரை ஆகியவை ஓர் எலும்பு இவ்வழியில் வந்தது என்பதைக் காட்டும். அது எந்தக் கிராமத்தவருடையது என்பதைக் காட்டுவதில்லை.

தாள்களின் சான்று

இனங்காணும் பணி ஆவணத்திலிருந்தே தொடங்குகிறது. ஒரு பொருள் எடுக்கப்பட்ட இடத்திலிருந்து இன்றைய பெட்டிவரை யார் யார் கைக்கு மாறியது என்பதைத் தொடர்ந்து கண்டறியும் முயற்சியைக் கைமாற்று வரலாற்று ஆய்வு எனலாம். சேர்க்கைப் பதிவேடு, கடிதங்கள், கப்பற் சரக்குப் பட்டியல், படைப்பிரிவின் நாட்குறிப்பு, எலும்பின்மேலேயே மையால் எழுதிய எண், ஒட்டிய சீட்டு ஆகியவை இதன் மூலங்கள். ஒரு நிறுவனத்தின் காப்பறையில் விடை இல்லாதபோது, அனுப்பியவரின் கடிதம் வேறொரு நாட்டின் ஆவணக்காப்பகத்தில் கிடைப்பதுண்டு.

பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனை 2010ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு இதற்கு நல்ல சான்றாகும். 1904 முதல் 1908 வரை ஜெர்மானியப் படை இன்றைய நமீபியாவில் ஹெரேரோ, நாமா மக்கள்மீது நடத்திய இனப்படுகொலைக் காலத்தில் அனுப்பப்பட்ட மண்டையோடுகளை இனங்காணும்போது, பழைய பதிவேடுகளோடு அக்கால இனவாத ஆய்வுரைகளும் சான்றாகப் பயன்பட்டன. ஃபெட்சர் என்னும் மருத்துவர் 17 நாமா மக்களின் தலைகளை அளந்து வெளியிட்ட கட்டுரை அவற்றுள் ஒன்று. இறந்தவரை இழிவுபடுத்த எழுதிய அளவுகளே இன்று அவரை ஊருக்குத் திருப்பியனுப்ப உதவுகின்றன. 2011 செப்டம்பரில் 9 ஹெரேரோ, 11 நாமா மக்களின் மண்டையோடுகள் நமீபியத் தூதுக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டன.

எழுத்துச் சான்றைச் சோதிக்காமல் ஏற்பதும் ஆபத்தானது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு மதுக்கடையில் 1963இல் கிடைத்த மண்டையோட்டின் கண்குழியில், அது 46ஆம் வங்காளக் காலாட்படையைச் சேர்ந்த ஹவில்தார் ஆலம் பேக் என்பவருடையது என்றும், 1857 கிளர்ச்சியையொட்டி அவர் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார் என்றும் எழுதிய சீட்டு இருந்தது. வரலாற்றாசிரியர் கிம் வாக்னர் சீட்டை அப்படியே நம்பிவிடாமல், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தாரிடம் எலும்பைக் காட்டி, வயதும் பாலும் சீட்டோடு முரண்படவில்லை என்பதை உறுதிசெய்து, அப்படை கிளர்ந்தெழுந்த சியால்கோட்டின் நிகழ்ச்சிகளைப் பற்றிய கடிதங்களோடும் அறிக்கைகளோடும் ஒவ்வொரு செய்தியையும் ஒப்பிட்டு 2017இல் நூலாக வெளியிட்டார். சீட்டு, எலும்பு, வரலாறு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதே அவர் முடிவின் வலிமை.

ஆவணம் பெரும்பாலும் சொல்வது சேகரித்த இடத்தையே. அது இறந்தவரின் சொந்த ஊராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆக்ஸ்போர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள நாகா மனித எச்சங்களில் இச்சிக்கல் தெளிவாகத் தெரிகிறது: ஓர் ஊரில் வெற்றிச் சின்னமாக வைத்திருந்த தலை பகையூராருடையதாக இருக்கக்கூடும், எனவே எடுத்த ஊருக்கு அனுப்பினால் கொன்றவர் ஊருக்கே அனுப்புவதாக முடியலாம். நாகா ஆய்வாளர்களும் ஊர்ப் பெரியவர்களும் இணைந்து இதைப் பற்றிக் கலந்து பேசி வருகின்றனர். பல தலைமுறைகளாக வழங்கிவரும் வாய்மொழி வரலாறு இங்குப் பதிவேட்டுக்கு இணையான சான்றாகிறது.

எலும்பின் வடிவம்

இடுப்பெலும்பு பாலைக் காட்டும். பற்களின் வளர்ச்சியும் எலும்பு முனைகளின் இணைவும் வயதைக் காட்டும். மூட்டுத் தேய்மானம் உழைப்பையும், எலும்பிலுள்ள வெட்டுத்தடம் சாவின் விதத்தையும் காட்டும். வெட்டுப்பற்களை அராவிக் கூராக்கும் வழக்கம் போன்ற பண்பாட்டு அடையாளங்கள் ஒரு சமூகத்தை நோக்கி வழிகாட்டக்கூடும். இவையெல்லாம் எலும்புக்குச் சேதமின்றி அறியத்தக்கவை.

மண்டையோட்டின் அளவுகளைக்கொண்டு பிறந்த நிலப்பகுதியைக் கணிக்கும் முறை இவற்றினும் நம்பகம் குறைந்தது. இன்றைய கணினி நிரல்கள் புதிய அளவுகளை ஏற்கெனவே அளந்த மக்கள்தொகுதிகளோடு ஒப்பிட்டு மிக நெருங்கிய தொகுதியைக் காட்டுகின்றன. இறந்தவரின் மக்கள்தொகுதி ஒப்பீட்டுத் தரவில் இல்லையென்றாலும் நிரல் இருப்பவற்றுள் ஒன்றைக் காட்டவே செய்யும். தென்னாசிய மக்கள் இத்தரவுகளில் குறைவாக இடம்பெற்றிருப்பதால், இந்திய, இலங்கை எச்சங்களுக்கு இம்முறை சொல்லும் விடையைத் தனிச்சான்றாகக் கொள்ளலாகாது.

தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூர் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு. 1876இல் பெர்லினைச் சேர்ந்த யாகோர் அங்கு அகழ்ந்து, மட்கலங்கள், இரும்புக் கருவிகள் ஆகியவற்றோடு மண்டையோடுகளையும் எலும்புகளையும் எடுத்துச் சென்றார். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்த முதுமக்கள் தாழிகளில் கிடைத்த மண்டையோடுகளைச் சக்கர்மன் ஆராய்ந்து 1930இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக அறிக்கை தந்தார். அவற்றை இன வகைகளுக்குள் அடக்க முயன்ற அக்கால நோக்கு, தாமிரபரணிக் கரையில் அம்மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளியது. தென்னாசிய எலும்புகளை நெடுங்காலம் ஆராய்ந்த கென்னத் கென்னடி இத்தகைய இன வகைப் பகுப்பையே மறுத்தார். ஊரும் தாழியும் தெரிந்த எலும்புகளிலேயே இம்முறை இவ்வளவு தடுமாறியது என்றால், சீட்டு இழந்த எலும்பை இதனால் ஊர் சேர்ப்பது எளிதாகாது.

வேதியியலின் சான்று

ஒரு தனிமத்தின் அணுக்களுள் எடையில் வேறுபடும் வகைகளை ஐசோடோப்புகள் என்பர். பாறையின் வயதுக்கும் வகைக்கும் ஏற்ப ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்புகளின் விகிதம் இடத்துக்கு இடம் மாறுகிறது. அது மண்ணிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து உண்பவர் உடலுக்கும் செல்கிறது. பல்லின் மேற்பூச்சான எனாமல் குழந்தைப் பருவத்தில் உருவாகிப் பின் மாறாதிருப்பதால், ஒருவர் சிறுவயதில் எந்நிலத்து உணவை உண்டார் என்பதன் தடம் இறுதிவரை அதில் நிற்கிறது. ஆக்சிஜன் ஐசோடோப்புகள் குடித்த நீரையும் அதன்வழி தட்பவெப்பத்தையும் சுட்டும். கரிம ஐசோடோப்புகள் உணவைச் சுட்டும்: நெல்லும் கோதுமையும் ஒரு வகையாகவும், கம்பும் சோளமும் மற்றொரு வகையாகவும் கரியை ஏற்பதால், அவற்றை உண்டோர் எலும்பிலும் வேறுபாடு தெரியும்.

இம்முறையின் எல்லையும் இயற்கையானதே. ஒரே வகைப் பாறையுள்ள இரு தொலைவு நாடுகள் ஒரே விகிதத்தைத் தரக்கூடும். ஆகவே ஓர் இடத்தவர் அல்லர் என்று விலக்குவதில் ஐசோடோப்புச் சான்று வலியது. இன்ன இடத்தவரே என்று நிறுவுவதில் மெலியது. கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பும் இவ்வாறே துணைச்சான்றாக நின்று, ஆவணம் சொல்லும் காலத்தோடு எலும்பு பொருந்துகிறதா என்பதைச் சோதிக்கிறது.

இச்சான்று மரபணுச் சான்றோடு சேரும்போது வலிமை பெறுவதைப் பஞ்சாபின் அஜ்னாலா காட்டுகிறது. 2014இல் அங்கு ஒரு பழங்கிணற்றிலிருந்து எடுத்த எலும்புகள் 1947 பிரிவினைக் கலவரத்தில் இறந்தவர்களுடையவை என்று சிலரும், 1857இல் கொல்லப்பட்ட 26ஆம் வங்காளக் காலாட்படையினருடையவை என்று சிலரும் கருதினர். ஐதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 50 மாதிரிகளில் மரபணுவையும் 85 மாதிரிகளில் ஆக்சிஜன் ஐசோடோப்பையும் ஆராய்ந்து, இறந்தவர்கள் பஞ்சாபியர் அல்லர், கங்கைச் சமவெளியினர் என்று 2022இல் வெளியிட்டனர். அப்படையினர் கிழக்குப் பகுதிகளில் திரட்டப்பட்டவர்கள் என்ற எழுத்துச் செய்தியோடு இது ஒத்துவந்தது. ஒன்றையொன்று சாராத மூன்று வழிகள் ஒரே இடத்தில் வந்து கூடியதால் முடிவு உறுதிப்பட்டது. ஆயினும் எந்த எலும்பு எந்தச் சிப்பாயுடையது என்று எவரும் சொல்லவில்லை.

மரபணுவின் சான்று

இறந்தவர் எலும்பில், குறிப்பாக உட்காதைச் சூழ்ந்த கடினமான எலும்பிலும் பல்லிலும், மரபணுக்கூறுகள் நெடுங்காலம் எஞ்சியிருக்கும். தாய்வழியில் மட்டும் கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ., தந்தைவழியில் ஆண்களுக்குக் கடத்தப்படும் ஒய் குரோமோசோம், இருவழியிலும் வரும் உட்கரு டி.என்.ஏ. என மூன்று சான்றுகள் இதிற் கிடைக்கின்றன. இவற்றின் வேறுபாட்டை ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தார் தொல்குடிச் சமூகங்களின் ஒப்புதலோடு சோதித்து 2018இல் வெளியிட்டனர். ஊர் ஏற்கெனவே தெரிந்த பழைய எச்சங்களை இன்றைய மக்களோடு ஒப்பிட்டபோது, உட்கரு டி.என்.ஏ. பெறப்பட்ட 10 பேரும் தத்தம் நிலப்பகுதி மக்களோடு சரியாகப் பொருந்தினர். மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வை மட்டும் நம்பியிருந்தால் சிலர் தவறான சமூகத்திடம் ஒப்படைக்கப்பட்டிருப்பர். மலிவான சோதனையே போதும் என்று எண்ணும் நிறுவனங்களுக்கு இது ஒரு கடுமையான எச்சரிக்கை.

தனி மனிதர் ஒருவரையே கண்டறிந்த அரிய வெற்றி கிழக்கு ஆப்பிரிக்காவைச் சார்ந்தது. ஜெர்மானிய ஆட்சிக்காலத்தில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 1,100 மண்டையோடுகளைப் பெர்லின் அரசு அருங்காட்சியகங்கள் 2017 முதல் ஆராய்ந்தன. அவற்றுள் ஒன்றில் அகிடா என்ற பதவிப்பெயர் எழுதியிருந்தது. கிளிமஞ்சாரோ அடிவாரத்துச் சாகா மக்களின் தலைவரும் 1900இல் தூக்கிலிடப்பட்டவருமான மங்கி மெலியின் ஆலோசகரை அது சுட்டியது. தான்சானியாவில் வாழும் ஒரு வழித்தோன்றலின் மாதிரியோடு ஒய் குரோமோசோம் முழுமையாகப் பொருந்தியது என 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. எலும்பில் இருந்த ஒரு சொல்லே எந்தக் குடும்பத்திடம் கேட்பது என்பதைக் காட்டியது. அது இல்லையேல் எதனோடு ஒப்பிடுவது என்பதே தெரிந்திராது. மங்கி மெலியின் தலையோ இன்னும் கண்டறியப்படவில்லை.

உறுதியின் படிகள்

இம்முறைகளின் முடிவுகளை ஒரே அளவான உறுதியோடு சொல்வதால் நேரும் தீங்கை அல்ஜீரிய நிகழ்ச்சி காட்டுகிறது. 2020 ஜூலையில் பிரான்ஸ் 24 மண்டையோடுகளை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது; அவை பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போராடிய வீரர்களுடையவை என்று அரசு மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டன. அவற்றுள் 6 மட்டுமே அத்தகைய வீரர்களுடையவை என உறுதியானவை என்பதும், எஞ்சியவற்றின் தோற்றம் ஐயத்துக்குரியது என்பதும் 2022இல் வெளிப்பட்டன. ஐயத்தை மறைத்தது அரசியல். அதன் சுமை அல்ஜீரிய மக்கள்மேல் விழுந்தது.

இதற்கு மாறாக, 2025 ஆகஸ்டில் பிரான்ஸ் மடகாஸ்கரின் சகலாவா மக்களின் மூன்று மண்டையோடுகளை அந்நாட்டிடம் ஒப்படைத்தபோது, அவை சகலாவா மக்களுடையவை என்பது உறுதி என்றும், ஒன்று 1897இல் கொல்லப்பட்ட தோயேரா மன்னருடையது என்பது கருத்தளவிலான முடிவே என்றும் இருநாட்டு அறிவியற் குழு வெளிப்படையாகச் சொன்னது. நாடு, வட்டாரம், சமூகம், குடும்பம், தனியாள் என்ற படிகளில் எதுவரை சான்று செல்கிறது என்பதைச் சொல்லி ஒப்படைப்பதே நேர்மையான முறை. சமூகத்துக்குத் திருப்பித் தரச் சமூகப் படி போதும். தனியாள் உறுதிப்படும்வரை காத்திருக்க வேண்டும் என்பது முடிவற்ற காத்திருப்பாகிவிடும்.

எடின்பரோ பல்கலைக்கழகம் 2019 நவம்பரில் 9 வேடர் மண்டையோடுகளை இலங்கை வேடர் தலைவரிடம் கையளித்தபோது பின்பற்றியதும் இதே நெறியே. இறந்தவர் எவருடைய பாட்டனார் என்று நிறுவுமாறு வேடர்கள் கேட்கப்படவில்லை. சமூகமே உறவினராக ஏற்கப்பட்டது.

கேட்பவர் யார்

டி.என்.ஏ.வும் ஐசோடோப்பும் பெற எலும்பின் ஒரு சிறு பகுதியை அழிக்க வேண்டும். முன்னரே ஒருமுறை ஒப்புதலின்றி வெட்டி அளந்த உடலை மறுபடியும் துளையிடலாமா என்பதை முடிவுசெய்யும் உரிமை காப்பாட்சியருடையதா, ஆய்வாளருடையதா, வழித்தோன்றல்களுடையதா என்ற கேள்வி இங்கு எழுகிறது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகம் 2017இல் தன் சேகரிப்பைச் சரிபார்த்தபோது, சதர்லாந்து ஊரருகே 1920களில் கல்லறைகளிலிருந்து எடுக்கப்பட்ட 9 பேரின் எலும்புக்கூடுகள் இருப்பதை அறிந்து, அவர்களின் குடும்பத்தாரைத் தேடிச் சென்றது. முன்னோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்று அறிய விரும்பிய குடும்பத்தாரே ஆய்வைக் கேட்டனர், முடிவுகள் முதலில் அவர்களிடமே சொல்லப்பட்டன, முகங்களும் மீட்டுருவாக்கப்பட்டன. 2023 நவம்பரில் அந்த 9 பேரும் சதர்லாந்திலேயே மறுபடி அடக்கம் செய்யப்பட்டனர்.

பெர்லினில் இதற்கு நேர்மாறான முடிவும் நியாயமாக எடுக்கப்பட்டது. மானிடவியலுக்கான கைசர் வில்லெல்ம் நிறுவனம் இருந்த இடத்தருகே 2014 முதல் கிடைத்த ஏறத்தாழ 16,000 எலும்புத் துண்டுகள் குறைந்தது 54 பேருடையவை. குடியேற்ற ஆட்சியில் சேகரித்தவையும் நாஜிக் கொடுமைக்கு இரையானவர்களுடையவையும் அவற்றுள் கலந்திருக்கக்கூடும். பாதிக்கப்பட்ட மக்களின் அமைப்புகளோடு கலந்து பேசியபின், இவர்களை மறுபடியும் இனவாரியாகப் பிரிக்கும் சோதனை வேண்டாம் என்று முடிவாகி, 2023 மார்ச்சில் அனைவரும் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டனர். ஆய்வு செய்வதும் செய்யாதிருப்பதும் ஆகிய இரண்டுமே பாதிக்கப்பட்டோரைக் கேட்டு எடுத்த முடிவுகளாதலால் மதிக்கத்தக்கவை.

சட்டமும் எஞ்சியோர் கதியும்

அமெரிக்காவில் 1990இல் இயற்றிய பழங்குடிக் கல்லறைப் பாதுகாப்பு, மீட்பளிப்புச் சட்டம், எந்தக் குடியினருடையது என்று தெரியாத எச்சங்களைப் பண்பாட்டு அடையாளம் காணவியலாதவை என்று தனி வகையாக்கியது. பல நிறுவனங்களுக்கு இது புகலிடமாயிற்று. அவ்வாறு வகைப்படுத்திய எச்சங்கள் பல்லாயிரம் பத்தாண்டுக்கணக்கில் காப்பறையிலேயே தங்கின. 1996இல் கொலம்பியா ஆற்றங்கரையில் கிடைத்த கென்னவிக் மனிதரை, ஏறத்தாழ 8,500 ஆண்டுத் தொன்மை கருதி, இன்றைய குடிகளோடு இணைக்கச் சான்றில்லை என்று 2004இல் நீதிமன்றம் கூறியது. 2015இல் மரபணு ஆய்வு அவர் அமெரிக்கப் பழங்குடியினரே என்று நிறுவ, 2017இல் அவர் மண்ணில் இடப்பட்டார். அவர் தம் முன்னோர் என்று குடிகள் தொடக்கத்திலிருந்தே சொன்னது சரியாயிற்று. 2024 ஜனவரி 12 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் அந்த வகையையே நீக்கி, பழங்குடியினரின் அறிவுக்கு மதிப்பளிக்கவும், காட்சிக்கு வைக்குமுன்னும் ஆராயுமுன்னும் அவர்களின் ஒப்புதலைப் பெறவும் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தின.

எல்லா முயற்சிக்குப் பின்னும் ஊர் தெரியாதவர்கள் இருக்கத்தான் செய்வர். நியூசிலாந்தின் தே பாப்பா அருங்காட்சியகம் 2003 முதல் அரசின் சார்பில் வெளிநாடுகளிலிருந்து மாவோரி எச்சங்களைத் திருப்பிக் கொணர்ந்து, குலம் அறியப்படாதவர்களைப் புனிதமாகப் பேணப்படும் தனியிடத்தில் வைத்திருக்கிறது. சமூகம் தெரியாத தொல்குடி முன்னோருக்கென ஆஸ்திரேலியா கன்பராவில் தேசிய ஓய்விடம் ஒன்றைத் திட்டமிட்டுள்ளது. தாய்நாட்டில், தம் மக்களின் பொறுப்பில், தம் வழக்கப்படி பேணப்படுவதற்குக் குடும்பப் பெயர் தெரிய வேண்டியதில்லை என்பதை இவ்விரு முயற்சிகளும் மெய்ப்பிக்கின்றன.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, எந்தத் தனிமுறையும் போதாது. ஆவணம் திசையைக் காட்ட, எலும்பும் வேதியியலும் மரபணுவும் அதைச் சோதிக்க வேண்டும். இரண்டாவது, உடலைச் சேதப்படுத்தாத ஆவண ஆய்வு முற்றுப்பெற்ற பின்னரே, அதுவும் உரியவர் கேட்டால் மட்டுமே, மாதிரி எடுக்க வேண்டும். மூன்றாவது, முடிவின் உறுதி எத்தன்மையது என்பதை ஒப்படைக்கும்போதே எழுதித் தர வேண்டும். நான்காவது, பதிவேடுகளைத் தோற்ற நாடுகளின் ஆய்வாளரும் மக்களும் படிக்கும்படி திறந்து வைக்க வேண்டும். வெளியே இருப்போருக்குத் தெரியாத சேகரிப்பைக் குறித்து எவரும் உரிமை கோர இயலாது.

இவற்றைச் செய்யும் கடன் கேட்டு வருவோருடையதன்று. பெயர்களைத் தொலைத்தது நிறுவனங்கள் ஆகையால், தேடுவதற்கான செலவும் உழைப்பும் அவற்றையே சாரும். இந்தியாவும் இலங்கையும் தம் மக்களின் எச்சங்கள் எந்நாட்டுக் காப்பறைகளில் உள்ளன என்ற பட்டியலைக் கேட்டுப் பெறவும், தம் சொந்த அருங்காட்சியகங்களிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் உள்ளவற்றை இதே அளவுகோலால் சரிபார்க்கவும் தொடங்க வேண்டும். ஆண்டுதோறும் சீட்டுகள் உதிர்வதாலும், பழைய செய்தி அறிந்த பெரியவர்கள் மறைவதாலும், இத்தேடல் தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும் இனங்காணத்தக்க சிலரை என்றைக்கும் இனங்காண முடியாதவர்களாக்கிவிடும்.